மலையிறங்கி வரும் சாட்சியும் கேஸ் கட்டும்... அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்ட மாணவர்களுக்கு என்ன வேலை?

கொல்லிமலைக்குத் தலைநகரம் மாதிரி, செம்மேடு. தாலுகா அலுவலகம், வல்வில் ஓரி சிலை, மிளகும் காபியும் அன்னாசியும் கைமாறும் கடைவீதி... மலையின் 14 நாட்டு ஜனங்களும் ஏதாவது ஒரு வேலைக்கு இங்கே வந்தாக வேண்டும். ஆனால், ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்ல வேண்டுமென்றால் செம்மேடு போதாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, காரவள்ளி, சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் மாவட்ட நீதிமன்றம்வரை போக வேண்டும். போக வர ஒரு நாள். அன்றைய கூலியும் போச்சு. அங்கே போனபிறகு, "இன்னிக்கு வாய்தா, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாளும் போச்சு.

அப்படி இறங்கி வருகிறவருக்குக் கோர்ட் வாசலில் எழும் முதல் சந்தேகம் ஒன்றுதான். "எங்க பக்கம் வக்கீல் யாருங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடம், அரசு வழக்கறிஞர் அலுவலகம். பேச்சுவழக்கில் 'பி.பி. ஆபீஸ்'. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்டர்ன்ஷிப் என்றதும் சென்னை உயர் நீதிமன்றத்தையும் பெரிய சட்ட நிறுவனங்களையும்தான் நினைக்கிறார்கள். சொந்த மாவட்டத்து பி.பி. ஆபீஸில் கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது தெரியுமா?

பி.பி. யாருடைய வக்கீல்?

குற்ற வழக்கை நடத்துவது அரசு. குற்றம் ஒரு தனி மனிதருக்கு எதிராக நடந்தாலும், அது சமூகத்துக்கே எதிரானது என்பதுதான் சட்டத்தின் பார்வை. அதனால் பாதிக்கப்பட்டவர் காசு கொடுத்து வக்கீல் வைக்க வேண்டியதில்லை. செஷன்ஸ் கோர்ட்டில் பி.பி.யும், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஏ.பி.பி. எனப்படும் அரசு உதவி வழக்கறிஞரும் வழக்கை நடத்துவார்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால், கோர்ட்டின் அனுமதியோடு அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தன் செலவில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரிகளே வழக்கு நடத்தினார்கள். 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை மாற்றியது. விசாரித்தவரே வாதாடினால் வழக்கின் ஓட்டைகள் அவர் கண்ணுக்குத் தெரியாது என்பது இதன் நியாயம். இப்போது நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் இதே வழியில்தான் போகிறது. மாவட்ட பி.பி. ஆவதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. எப்படியாவது தண்டனை வாங்கித் தந்தே தீர வேண்டும் என்பது அரசு வழக்கறிஞரின் வேலை அல்ல. 1999-ல் சிவ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயம் கேஸ் கட்டில் இருந்தால், அதையும் மறைக்காமல் கோர்ட்டின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியவர் அவர். சினிமா கோர்ட்டில் மேஜையைத் தட்டும் 'கவர்ன்மென்ட் வக்கீலை' மட்டுமே பார்த்து வளர்ந்த மாணவருக்கு, இங்கே முதல் நாளே கிடைக்கும் பாடம் இது.

கேஸ் கட்டுக்குள் என்ன இருக்கிறது?

பி.பி. ஆபீஸுக்குப் போகும் மாணவர் கையில் முதலில் வருவது கேஸ் கட்டு. எஃப்.ஐ.ஆர்., மகஜர், சாட்சிகளின் வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, தடய அறிவியல் அறிக்கை, குற்றப்பத்திரிகை எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து, எந்தத் தேதியில் எந்த மணிக்கு என்ன நடந்தது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். எந்தச் சாட்சி எதைப் பார்த்தார், எதைக் கேள்விப்பட மட்டும் செய்தார் என்று பிரிக்க வேண்டும். புகார் கொடுத்த நேரத்துக்கும் எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால், குறித்துவைக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இப்போது கூடுதலாக ஒரு வேலையும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. திருட்டுக்கு 379-ம் பிரிவு 303 ஆகிவிட்டது. எல்லோர் வாயிலும் புழங்கிய '420' இப்போது 318. பழைய வழக்குகள் முடியும்வரை, இரண்டு சட்டங்களும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். இந்த மாற்றத்தை நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு, இந்தத் தலைமுறை மாணவர்களுக்கு மட்டும்தான்.

பிறகு கோர்ட் ஹால். டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். சாட்சி கூண்டில் ஏறுகிறார். முதல் விசாரணை சுமுகமாக முடிகிறது. குறுக்கு விசாரணையில், "நீங்க சம்பவ இடத்துலயே இல்லை, போலீஸ் சொல்லிக்கொடுத்ததைச் சொல்றீங்க" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அழுத்துகிறார். நேற்றுவரை காகிதத்தில் உறுதியாக இருந்த வழக்கு, ஒரு மனிதரின் குரலில் நடுங்குவதை மாணவர் அங்கேதான் பார்க்கிறார்.

ஒரு சாட்சி மாறினால்...

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடைத்தது. நாமக்கல் கோர்ட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியாக மாறினார். வழக்கு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

கோகுல்ராஜின் தாய் விடவில்லை. அவருடைய போராட்டத்தால் விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா.மோகன் வழக்கை நடத்தினார். நேரில் பார்த்தவர் வாய் மூடிக்கொண்ட இடத்தில், கோயில் சிசிடிவி பதிவு பேசியது. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5 பேர் விடுதலையானார்கள். மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில், இருவருடைய தண்டனையைக் குறைத்து, மற்றவர்களின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள்.

சட்ட மாணவருக்கு இதில் பாடம் இருக்கிறது. சாட்சி பயப்படலாம், மறக்கலாம், விலைபோகலாம். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை தாங்கும்படி வழக்கைக் கட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதுதான் பி.பி. ஆபீஸின் அன்றாட வேலை.

மாணவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

இந்தியாவில், வழக்கறிஞராகப் பதிவுசெய்யாத ஒருவர் கோர்ட்டில் வாதாட முடியாது. 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் சொல்வது அது. ஜெர்மனியில் பயிற்சிக் காலத்தில் இருப்பவர்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சில மாதங்கள் கட்டாயம் பணியாற்ற வேண்டும். சிறிய வழக்குகளில் அரசுத் தரப்பில் எழுந்து நின்று பேசவும் செய்கிறார்கள். ஜப்பானிலும் சட்டத் தேர்வில் தேறியவர்களின் பயிற்சியில் அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பகுதி. நம் மாணவர்களுக்கு வாய்க்குப் பூட்டு உண்டு. கண்ணும் காதும் திறந்தே இருக்கலாம்.

சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பதும் கூடாது. 'எங்கே உட்கார வேண்டும், யார் யார் கேள்வி கேட்பார்கள், கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லலாம்' என்று பி.பி.யின் அனுமதியோடு நடைமுறையை விளக்கலாம். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் வாயெடுக்கக் கூடாது. மலையிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் மலைப் பேச்சிலேயே, "பயப்படாதீங்கய்யா, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க" என்று ஒரு மாணவி சொன்னால், அவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு! கொல்லிமலைப் பிள்ளைகள் இந்த அலுவலகங்களுக்குப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ரகசியம் காப்பது இன்னும் முக்கியம். கேஸ் கட்டை செல்போனில் படம் எடுப்பது, 'இன்னிக்கு செம கேஸ்' என்று ஸ்டேட்டஸ் போடுவது எல்லாம் விளையாட்டல்ல. பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை உண்டு. போக்சோ வழக்குகளில் குழந்தையின் பெயர், பள்ளி, வீடு எதுவும் வெளியே வரக் கூடாது. சின்ன ஊர்களில் தெருப் பெயர் ஒன்று போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்படிச் சேருவது?

இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, 3 ஆண்டு சட்டப் படிப்பில் குறைந்தது 12 வாரங்களும், 5 ஆண்டுப் படிப்பில் 20 வாரங்களும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரே மூச்சில் 4 வாரங்களுக்கு மேல் போகக் கூடாது. டைரி எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட், டை, ஷூ என்பது உடை. கோட் வாங்க வழியில்லை என்றால், வெள்ளை பேன்ட்டும் உள்ளே செருகிய முழுக்கைச் சட்டையும் ஷூவும் போதும் என்று அந்த விதியே சொல்கிறது. வசதியில்லாத பிள்ளைகள் கூச்சப்பட வேண்டியதில்லை.

கல்லூரி முதல்வரிடம் கடிதம் வாங்கி, மாவட்ட அரசு வழக்கறிஞரிடம் நேரில் போய்க் கொடுத்துக் கேட்கலாம். இத்தகைய பயிற்சிக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்காது. வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் என்று யோசிக்கும் குடும்பங்களுக்குச் சொந்த மாவட்டத்து கோர்ட்தான் கட்டுப்படியாகும். 2019-ல் நாமக்கல்லில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கியபிறகு, மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பும் பயிற்சியும் ஒரே ஊரில் கிடைக்கிறது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே 5 ஆண்டுப் படிப்பில் சேரலாம் என்பது இன்னொரு வசதி.

சாட்சியாகப் போகிறவர்களுக்கு...

* சம்மன் வந்தால் அலட்சியம் வேண்டாம். போக முடியாத காரணம் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

* கோர்ட்டுக்குப் போனதும் அரசு வழக்கறிஞர் யார் என்று கேட்டு, அவரைப் பாருங்கள். கோர்ட் ஏட்டு காட்டிக்கொடுப்பார்.

* சாட்சியின் செலவுக்கு அரசிடமிருந்து படி கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. கேட்பதில் தவறில்லை.

* நீங்கள் புகார் கொடுத்த வழக்கில், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் 90 நாள்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

* மிரட்டல் இருந்தால் மறைக்காதீர்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கலாம்.

* பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண்: 15100.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த விடுமுறையில் ஒரு மாதம் பி.பி. ஆபீஸுக்குப் போகச் சொல்லுங்கள். மலையிறங்கி வரும் அடுத்த சாட்சி 'எங்க பக்கம் வக்கீல் யாருங்க?' என்று கேட்கும்போது, கூடவே நடந்துபோய்க் காட்ட அங்கே ஒருவர் இருப்பார்.