ஹெலிகாப்டர் அளந்துவிட்டுப் போன நிலம்

2021 ஜனவரி 10 அன்று கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது. அதில் லேசர் கருவியும் கேமராவும் பொருத்தப்பட்டிருந்தன. டெல்லியிலிருந்து வாரணாசிக்குப் போடவிருக்கும் அதிவேக ரயில் பாதைக்காக நிலத்தை அளப்பது அதன் வேலை. மதுரா, ஆக்ரா, லக்னோ, ரேபரேலி, பிரயாக்ராஜ் என்று சுமார் 800 கி.மீ. நீளும் பாதை அது. கடுகும் கோதுமையும் நிற்கும் மாதம். வயலில் நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தலைக்கு மேல் போனது தங்கள் நிலத்தை அளந்துகொண்டு போகிறது என்று தெரிந்திருக்கும்?

இதற்கு முந்தைய மும்பை–அகமதாபாத் திட்டத்தில், வழக்கமாகப் பத்து, பன்னிரண்டு மாதம் இழுக்கும் அளவை வேலை இந்த முறையால் 12 வாரத்தில் முடிந்தது. திட்டம் போடுகிறவர்களுக்கு இது பெரிய லாபம். நிலத்துக்காரருக்குத்தான் சிக்கல். சங்கிலியோடு சர்வேயர் வரப்பில் வந்து நின்றால் ஊர் கூடி விசாரிக்கும். வானத்தில் போவதை யார் நிறுத்திக் கேட்பது?

இந்த முறைக்கு லைடார் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை நொடிக்கு லட்சக்கணக்கான முறை கீழே பாய்ச்சி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். தோப்பின் மேல் பறந்தால் ஒளியில் ஒரு பங்கு இலையில் பட்டுத் திரும்பும். இடுக்கில் நுழைந்த மிச்சம் தரையைத் தொட்டுத் திரும்பும். அதனால் மரத்தடி மேடு பள்ளம்கூடப் படத்தில் வந்துவிடும். கண்ணுக்கும் பயிருக்கும் கெடுதல் வருமோ என்று பயப்பட வேண்டாம். தரைக்கு வரும்போது தீங்கு செய்யாதபடிதான் ஒளியின் அளவையும் பறக்கும் உயரத்தையும் வைக்கிறார்கள். பெரிய வளையத்தைத் தொங்கவிட்டபடி போகும் ஹெலிகாப்டர் வேறு வகை. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் ராஜஸ்தானில் நிலத்தடி நீரைத் தேடப் பறக்கவிட்டது அந்த வகைதான்.

இத்தனை கெட்டிக்காரக் கருவிக்குப் பட்டா தெரியாது. கிணற்றின் வாய் தெரியும். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதால் ஆழம் தெரியாது. போர்வெல்லிலிருந்து மண்ணுக்கடியில் ஓடும் பைப்போ, அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத கூட்டுப்பட்டாவோ, குத்தகைக்கு உழுகிறவர் யார் என்பதோ தெரியாது. அதனால் வான் அளவையை மட்டும் காட்டி ஒரு சென்ட் நிலத்தையும் யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் பாதை எங்கே வளையும், எந்த வீடு குறுக்கே நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவாகிறது. நம் கைக்கு நோட்டீஸ் வரும்போது கோடு போட்டாகிவிட்டிருக்கும்.

கேரளத்தில் அப்படித்தான் நடந்தது. காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 530 கி.மீ. சில்வர்லைன் ரயில் பாதைக்கு 2019 டிசம்பர் கடைசியில் ஒரு சிறு விமானம் லேசரால் அளக்கத் தொடங்கி, சில நாட்களில் முடித்துவிட்டது. எதிர்ப்பு வெடித்தது மஞ்சள் கல் நட வந்தபோதுதான். பெண்கள் வாசலில் நின்று மறித்தார்கள். கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். 2022 மே மாதம் அரசு கல்லை விட்டுவிட்டு ஜிபிஎஸ் குறிப்புக்கு மாறியது. இடையில் கழிந்த இரண்டு வருடம்தான் என்னை உறுத்துகிறது. கேள்வி கேட்க அது நல்ல காலம்.

சென்னை–பெங்களூரு–மைசூரு பாதையும் அதிவேக ரயில் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இனிச் சொல்வது நம் பக்கத்து ஆட்களுக்கும் தேவைப்படும்.

தலைக்கு மேல் அளவை நடந்ததாகத் தெரிந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். எந்தத் திட்டம், எந்தச் சட்டப்படி நிலம் எடுப்பார்கள், உத்தேசப் பாதை எந்தெந்தச் சர்வே எண்களில் போகிறது என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தால், மறைக்கத் தேவையில்லாத பகுதியையாவது பிரித்துத் தரும்படி கேட்க அதே சட்டத்தின் 10-வது பிரிவு இடம் தருகிறது. வயலில் புதிதாக ஒரு கல்லோ வெள்ளைக் குறியோ தென்பட்டால் பதறிப் பிடுங்காதீர்கள். டெல்லி–வாரணாசிப் பாதையில் வான் அளவையைச் சரிபார்க்க மட்டுமே 86 முதன்மைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்தார்கள். அவை எல்லைக் கற்கள் அல்ல. உங்கள் வயலில் இருப்பது எது என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

எந்தச் சட்டம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி என்றால் முதல்நிலை அறிவிப்புக்குப் பின் ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள்தான். ரயில்வே சட்டத்தில் 30. தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைக்கும் தொழில் திட்டங்களுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் 2013 சட்டத்தின் நடைமுறை அப்படியே பொருந்தாது. அறிவிப்பின் தலைப்பில் சட்டத்தின் பெயர் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

2013 சட்டத்தின் 12-வது பிரிவு முக்கியமானது. நிலத்துக்காரரோ அவர் எழுத்து மூலம் அனுப்பிய ஆளோ இல்லாமல் தரை அளவை செய்யக்கூடாது; செய்வதானால் குறைந்தது 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைய, சம்மதம் இல்லாவிட்டால் 7 நாள் நோட்டீஸ் வேண்டும். அளக்கும்போது பயிரோ வேலியோ சேதமானால் அதற்கும் பணம் தர வேண்டும்.

படத்தில் வராததை நீங்கள்தான் காகிதத்தில் கொண்டுவர வேண்டும். கிணறு, போர்வெல், மரங்களின் எண்ணிக்கை எல்லாம் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தால் இப்போதே மாற்றுங்கள். மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும்கூட இச்சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அவர்கள் கையில் ரசீதோ பதிவோ இல்லாததால் விடுபட்டுப் போகிறார்கள்.

கடைசியாக, தொகை குறைவு என்று தோன்றினாலும் பணத்தை வாங்கலாம். ஆனால் வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரி இல்லாமல் வாங்கினால், கூடுதல் இழப்பீடு கேட்டு 2013 சட்டத்தின் 64-வது பிரிவில் மனுச் செய்யும் உரிமை போய்விடும். தீர்ப்பாணை வழங்கும்போது நீங்கள் நேரில் இருந்தால், அந்த மனுவுக்கு ஆறு வாரம்தான் கெடு.