கோலிக்குண்டு காணாமல் போனதற்கு செல்போன்தான் காரணமா?

கோடை விடுமுறை வந்தாலே சோஷியல் மீடியாவில் கோலிக்குண்டு போட்டோ ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். 'இதை விளையாடாத 90ஸ் கிட்ஸ் உண்டா?' என்று ஒரு கேள்வி. கூடவே, 'இப்போ எல்லாம் செல்போன்தான்' என்று ஒரு பெருமூச்சு. செல்போன் மேல் பழி போடுவது சுலபம். ஆனால், இன்றைக்கு ஒரு பிள்ளை பத்து கோலியோடு தெருவில் இறங்கினால், குழி தோண்ட மண் எங்கே இருக்கிறது?

கோலி, மண்ணை நம்பிய விளையாட்டு. குதிகாலைத் தரையில் அழுத்தி ஒரு சுழற்று சுழற்றினால் குழி ரெடி. 'பேந்தா'வுக்குக் கட்டம் கிழிக்க ஒரு குச்சி போதும். அடித்த கோலியை ஓரளவுக்கு மேல் ஓடவிடாமல் மண்ணே பிடித்துக்கொள்ளும். சிமென்ட் ரோட்டில் அதே கோலி நிற்காமல் ஓடி சாக்கடையில் விழும். பேவர் பிளாக் என்றால் இடுக்கில் பட்டு திசை மாறும். நாலு முறை மோதினால் கண்ணாடி பெயர்ந்துவிடும்.

அடிக்கும் முறையும் தரையோடு சேர்ந்ததுதான். இடது கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்ற வேண்டும். நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலது கையால் அந்த விரலை வில் போலப் பின்னால் இழுத்து விட வேண்டும். மேற்கத்திய நாடுகளில் பெரும்பாலும் கட்டைவிரலால் சுண்டுவார்கள். நம் ஊர் அடியில் எட்டடி தள்ளி இருக்கும் கோலியும் 'டக்'கென்று தெறிக்கும்.

ஆட்டத்துக்கு முன்பே ஒப்பந்தம் பேசிவிடுவார்கள். சும்மா ஆட்டமா, ஜெயித்தவருக்கே கோலியா? இரண்டாவது வகையைத்தான் பெரியவர்கள் 'சூதாட்டம்' என்று விரட்டினார்கள். பையன்களுக்குப் பிடித்ததும் அதுதான். சில தெருக்களில் தண்டனை வேறு: தோற்றவர் முஷ்டியை மடக்கித் தரையில் வைக்க, ஜெயித்தவர் விரல் மொளியைக் குறிபார்த்து அடிப்பார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா, தங்கைகளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாத தெருக்கள்தான் அதிகம். 'அந்தக் காலம்' பதிவுகளில் இது மட்டும் வராது.

ஜெயித்த கோலிகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேரும். உள்ளே கலர் கலராகப் பூ போட்டது, பால் வெள்ளை, பெரிய குண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. ஒரு பெரிய குண்டுக்கு எத்தனை சின்ன கோலி என்பதைத் தெருதான் முடிவு செய்யும்.

பூ எதுவும் இல்லாத வெளிர்பச்சைக் கோலிக்கும் கிராக்கி உண்டு. அது சோடா பாட்டிலில் இருந்து வந்தது! ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸ், கோலியை மேலே தள்ளி கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும், அதுவே மூடி. பாட்டில் உடைந்தால்தான் கோலி வெளியே வரும் என்பதால், சோடா கடைப் பக்கம் பையன்களுக்கு எப்போதும் ஒரு கண். 2017-ல் ஜல்லிக்கட்டு போராட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு குளிர்பானங்களுக்கு எதிர்ப்பு கிளம்பியபோது கோலி சோடா மறுபடி பேசப்பட்டது. கோலி ஆட்டத்துக்கு அப்படி எந்த அதிர்ஷ்டமும் அடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இதையே 'போளை' என்பார்கள். பெயர் எதுவானாலும் தேவை ஒன்றுதான்.

அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்களா? அசோசியேஷன் மீட்டிங்கில் பார்க்கிங் பற்றிப் பேசி முடித்ததும், பத்தடிக்குப் பத்தடி மண் தரை கேட்டுப் பாருங்கள். ஒரு குழி ஆட்டத்துக்கு அது தாராளம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும், ஆடி முடித்ததும் கோலிகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.