கம்பெனி கட்டினால் சலுகை... நீங்களே கட்டினால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலையூரில் ஒரே அபார்ட்மென்ட்டில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர். இருவருக்கும் ஆண்டுச் சம்பளம் 13,50,000 ரூபாய்; அதில் பாதி, 6,75,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம். ஒருவர் சோழிங்கநல்லூரில் பெரிய ஐ.டி. கம்பெனிக்குப் போகிறார். இன்னொருவருக்கு நாற்பது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனத்தில் வேலை. முதுமைக்காக இருவர் பெயரிலும் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் ஆண்டுக்கு 94,500 ரூபாய் ஏறுகிறது. இருவரும் புதிய வரி முறையில்தான் இருக்கிறார்கள்.

2025-26 நிதியாண்டின் விகிதப்படி முதலாமவர் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். இரண்டாமவர் கட்ட வேண்டியது 74,100 ரூபாய்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பே ஸ்லிப்பில் இருக்கும் ஒரே ஒரு வரியிலிருந்து. முதலாமவரின் சம்பளத்துக்குள்ளேயே, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதத்தை ‘நிறுவனத்தின் பங்களிப்பு’ என்று பிரித்து என்.பி.எஸ்.ஸுக்கு அனுப்புகிறார்கள். நிலையான கழிவு 75,000 ரூபாயோடு இந்த 94,500 ரூபாயும் கழிய, வரிக்குரிய வருமானம் 11,80,500 ரூபாயாகிறது. 12 லட்சத்துக்குள் வந்துவிட்டதால் முழுத் தள்ளுபடி. இரண்டாமவர் அதே தொகையைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறார். புதிய முறையில் அதற்குச் சலுகை கிடையாது. அவருடைய வரிக்குரிய வருமானம் 12,75,000 ரூபாயில் நிற்கிறது. வரி 71,250, அதன்மேல் 4 சதவீத செஸ்.

‘அப்படியானால் பழைய முறைக்குப் போகலாமே’ என்பார்கள். அங்கே 80சி-யில் ஒன்றரை லட்சம், அதற்கு மேல் என்.பி.எஸ்.ஸுக்கென்றே தனியாக 50,000 ரூபாய் என்று சொந்தப் பங்களிப்புக்கு இடம் இருப்பது உண்மைதான். இவ்விரண்டையும் முழுசாகக் காட்டி, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சத்தையும் சேர்த்துக் கழித்தாலும் இதே சம்பளத்துக்கு 96,200 ரூபாய் வரி வருகிறது. பெரிய வாடகைப்படிக் கழிவும் கூட இருந்தால் ஒழிய பழைய முறை கட்டுப்படியாகாது. தாம்பரம், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் புதிய முறைக்கு நகர்வதற்கு இதுவே காரணம்.

நியாயம் எங்கே இடிக்கிறது என்றால், சலுகையின் சாவி இப்போது உழைப்பவர் கையில் இல்லை. நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தனியார் ஊழியர்களுக்கு நிறுவனப் பங்களிப்புக்கான இந்த வரம்பு முன்பு 10 சதவீதம். 2024 ஜூலை பட்ஜெட் அதைப் புதிய முறையில் 14 ஆக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் நிறுவனம் என்.பி.எஸ்.ஸில் பதிவு செய்து, சம்பளத்தைப் பிரித்துக் கொடுத்தால்தான் அது ஊழியருக்கு எட்டும். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தின் சிறு யூனிட்டுகளிலும், குரோம்பேட்டைக் கடைகளிலும், தனியார் பள்ளிகளிலும், கிளினிக்குகளிலும் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வசதி இருக்கிறது? சொந்தமாகத் தொழில் நடத்தும் ஆடிட்டருக்கும் டாக்டருக்கும் நிறுவனம் என்று ஒன்றே கிடையாது. புதிய முறையில் அவர்களுக்குக் கதவு முழுக்கவே மூடியிருக்கிறது.

வரி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். என்னை உறுத்துவது வேறு. நம் ஊரில் முதுமைக்கான சேமிப்பைப் பிடித்து வைத்திருந்தது வரிச்சலுகைதான். ஜனவரி பிறந்தால் ஹெச்.ஆரிடமிருந்து ‘ப்ரூஃப் கொடுங்கள்’ என்று மெயில் வரும். அந்த அவசரத்தில்தான் பி.பி.எஃப்.பிலும் என்.பி.எஸ்.ஸிலும் பணம் விழுந்தது. புதிய முறையில் அப்படி ஒரு மெயிலுக்கு வேலையே இல்லை. கட்டாயமும் ஆசையும் ஒன்றாகப் போன பிறகு, பள்ளிக் கட்டணமும் இ.எம்.ஐ.யும் கழுத்தைப் பிடிக்கும் வீட்டில் அறுபது வயதுக்கான பணத்தை யார் எடுத்து வைப்பார்கள்?

பி.எஃப். இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டால், 35 ஆண்டு உழைத்தவருக்கும் பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 8,000 ரூபாயைத் தொடாது. மருந்துக் கடைக்குக் கொடுத்தது போக அதில் என்ன மிஞ்சும்?

வரிக்காகச் சேமிப்பது உண்மையான சேமிப்பல்ல, அவரவர் பணத்தை அவரவர் விருப்பப்படி செலவிட விடுவதே சரி என்று வாதிடும் பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள். கொள்கையாக அது இருக்கட்டும். ஆனால் அதே அரசு, நிறுவனத்தின் வழியாக வரும் சேமிப்புக்கு மட்டும் சலுகை கொடுப்பதை அந்தக் கொள்கை விளக்கவில்லையே.

பிரிட்டனில் தனிநபர் தன் பெயரில் 80 பவுண்டு ஓய்வூதியத்துக்குக் கட்டினால், அரசின் வரி நிவாரணம் 20 பவுண்டு அதோடு சேர்ந்து 100 ஆகிறது. கூடுதல் விகிதத்தில் வரி கட்டுகிறவர் மிச்ச நிவாரணத்தையும் கேட்டுப் பெறலாம். அதற்கேற்ப அவருடைய வரிக் குறியீடு மாறி, மாதச் சம்பளத்திலேயே பிடித்தம் குறையும். அடிப்படை நிவாரணம் அங்கே ஆளைத் தேடி வருகிறது. அவர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஹெச்.ஆரிடம் ‘கார்ப்பரேட் என்.பி.எஸ். இருக்கிறதா’ என்று கேளுங்கள். ஏற்கெனவே என்.பி.எஸ். கணக்குக்கான பிரான் எண் இருந்தால் அதையே இணைத்துக்கொள்ளலாம். மொத்தச் சம்பளத் தொகுப்பான சி.டி.சி.க்குள்ளேயே பிரிப்பதால் நிறுவனத்துக்குக் கூடுதல் சம்பளச் செலவு கிடையாது. ஆனால் கையில் வரும் சம்பளம் குறையும், பணம் நீண்ட காலம் முடங்கும், பிற்பாடு வரும் மாத ஓய்வூதியத்துக்கு வரி உண்டு. இவற்றையும் யோசித்து முடிவெடுங்கள்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. பழைய முறையில் இருக்கும் அந்த 50,000 ரூபாய்க் கழிவைப் புதிய முறைக்குள்ளும் கொண்டுவர வேண்டும். முதுமை எல்லாருக்கும் வரும். அதற்குச் சேர்க்கிறவருக்குக் கிடைக்கும் சலுகையை அவருடைய முதலாளியின் வசதி தீர்மானிக்கக் கூடாது.