மடையான் எத்தனை முறை கொத்தியது?

சிறுசேரி ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால், முதலில் ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரியும். சேற்றோரம் பழுப்பாக ஒரு கட்டி கிடக்கிறதா? நன்றாகப் பாருங்கள், அது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். முதுகில் சேற்று நிறம், மார்பில் பழுப்புக் கோடுகள். எழுந்து பறந்தால்தான் வெள்ளை இறக்கை பளிச்சென்று தெரியும்.

இந்த மடையானை வைத்தே ஓர் ஆய்வைத் தொடங்கலாம். அது அலகை நீட்டித் தண்ணீரில் கொத்தும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். எதையாவது பிடித்து விழுங்கினால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். 15 நிமிடம் போதும். பக்கத்தின் மேலே தேதி, நேரம், வெயிலா மேகமா, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் அதே இடம், அதே நேரம். பிறகு மாலையிலும் ஒரு தடவை. மடையானுக்கு எப்போது மீன் அதிகம் கிடைக்கிறது, காலையிலா, மாலையிலா? உங்கள் ஏரிக்கான விடை பாடப்புத்தகத்தில் இருக்காது. உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் செய்வதெல்லாம் ஆராய்ச்சியா என்று யாராவது கேட்டால், இங்கிலாந்தின் பிளாக்காட்டன் கிராமத்துத் தொடக்கப்பள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே 8 முதல் 10 வயதுக்குட்பட்ட 25 பிள்ளைகள், ஒரு விஞ்ஞானியோடு சேர்ந்து, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த ஒரு வகைத் தேனீயை ஆராய்ந்தார்கள். நீலமும் மஞ்சளுமாக ஒளிரும் வட்டங்களைப் பூக்களாக வைத்தார்கள். சில இடங்களில் நடுவில் நீலம், சுற்றிலும் மஞ்சள். மற்ற இடங்களில் நேர்மாறு. நடுப் பூக்களில் சர்க்கரைத் தண்ணீர், சுற்றியிருந்தவற்றில் உப்புத் தண்ணீர். நிறத்தை மட்டும் நம்பினால் தேனீ ஏமாந்துவிடும். எந்த நிறம் எந்த நிறத்துக்கு நடுவே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தேனீக்கள் அதைக் கற்றுக்கொண்டன. ஆனால் எல்லாத் தேனீயும் ஒரே வழியில் கற்கவில்லை. பிள்ளைகள் இதைத் தங்கள் நடையிலேயே எழுதி, வண்ணப் பென்சிலால் படமும் வரைந்தார்கள். 2010இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ ஆய்விதழ் அதை வெளியிட்டது. கேள்வியும் அவர்களுடையது, எழுத்தும் அவர்களுடையது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சிறுசேரிக்கு அருகிலேயே கேளம்பாக்கம், முட்டுக்காடு உப்பங்கழிகள் இருக்கின்றன. நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, சில காலங்களில் பூநாரை என்று பறவைகள் வரும். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள், அதற்குள் பறந்துவிடும். முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று பாருங்கள். கூட்டம் அதைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கிட்டால் எண்ணிக்கை ஏறக்குறைய வந்துவிடும்.

பூநாரையே இல்லாத நாளில்? பலர் நோட்டை மூடிவிடுவார்கள். நீங்கள் ‘பூநாரை 0’ என்று எழுதுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் கழியில் தண்ணீர் ஏறும். ஆழம் கூடினால், நடந்து இரை தேடும் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. எழுதிவைத்த பூஜ்யங்களையும் தண்ணீர் மட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், பறவைகள் வராததற்குத் தண்ணீர் காரணமா, வேறு ஏதாவதா என்று யோசிக்க முடியும்.

கூடுகளுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கரைக்குப் பெரியவர் ஒருவரோடு மட்டும் போங்கள்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுவதும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பட்டியலை ‘இ-பேர்டு’ இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுப் பெரியவரின் உதவியைக் கேளுங்கள். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள். அலகு, கால், வால் எப்படி இருந்தன என்று வரைந்து வையுங்கள்.

இப்போதைக்கு மடையானைக் கவனியுங்கள். முதல் 15 நிமிடத்தில் எத்தனை கோடு, எத்தனை வட்டம்?