சமூகப்பணி என்னும் சொல்லும் பட்டமும்: திருச்சிராப்பள்ளிக் களத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சமூகப்பணி என்னும் சொல் ஒரு பண்பையும் ஒரு தொழிற்பட்டத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. இவ்விரட்டைப் பொருள் பட்டம் பெற்றோரின் பணிவாய்ப்பை எவ்வாறு பாதிக்கிறது என்பதைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய களங்களைக் கொண்டும், நடைமுறைச் சட்டங்கள் அச்சொல்லுக்குத் தரும் வரையறைகளைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சமூகப்பணிக் கல்வி, களப்பணி, தொண்டு, தகுதி வரையறை, திருச்சிராப்பள்ளி

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்து இயங்கிய இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் பத்மஸ்ரீ விருது பெற்றனர். 2021இல் ஸ்கோப் நிறுவனத்தின் மராச்சி சுப்புராமனுக்கும், 2022இல் கிராமாலயா நிறுவனத்தின் எஸ். தாமோதரனுக்கும் அவ்விருது அறிவிக்கப்பட்டது. இருவரும் கழிப்பறை, துப்புரவு ஆகியவற்றில் நெடுங்காலம் உழைத்தவர்கள். விருதுப் பட்டியலில் இருவரின் பெயருக்கும் நேரே குறிக்கப்பட்ட துறை ‘சமூகப்பணி’. அவ்விருது வாழ்நாள் உழைப்பைக் கருதுகிறது. கல்வித் தகுதியைக் கேட்பதில்லை. அதே நகரில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்திலும், பிஷப் ஹீபர் கல்லூரி, காவேரி மகளிர் கல்லூரி போன்றவற்றிலும் ஈராண்டு பயின்று மாணவர் பெறும் முதுகலைப் பட்டத்தின் பெயரும் சமூகப்பணியே. மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய துறைகளுக்கு இத்தகைய சிக்கல் இல்லை. பட்டம் பெறாத ஒருவரை எவரும் வழக்கறிஞர் என்று பாராட்டுவதில்லை.

இச்சிக்கல் வெறும் சொல்லாராய்ச்சி சார்ந்தது அன்று. பட்டம் பெற்றவருக்கு எந்தப் பணி கிடைக்கும், அது நிரந்தரமானதா, ஒப்பந்தத்தின் பாற்பட்டதா என்பன பெரும்பாலும் அந்தந்தச் சட்டமும் திட்டமும் இச்சொல்லை எப்பொருளில் ஆள்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

தொண்டும் பணியும்

திருவரங்கத்தில் தொண்டுக்கு நீண்ட மரபு உண்டு. போசளர் காலத்தில் கோயிலைச் சார்ந்து ஆரோக்கியசாலை ஒன்று இயங்கியதையும், பின்னர் அழிவுற்ற அதனைக் கருடவாகன பட்டர் என்பார் புதுப்பித்ததையும் கல்வெட்டுச் சான்றுகள் வழி அறிகிறோம். தன்வந்திரி சன்னிதி இன்றும் அங்குள்ளது. 2012இல் தமிழ்நாடு அரசு நாள் முழுதும் அன்னதானம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்த முதலிரு கோயில்களுள் திருவரங்கமும் ஒன்று, மற்றொன்று பழனி.

அன்னதான வரிசையில் நாள்தோறும் வந்து நிற்கும் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு உணவு கிடைப்பதோடு தொண்டு நிறைவு பெறுகிறது. அதில் குறை காண இடமில்லை. சமூகப்பணி பயின்றவரின் வேலை அவர் உண்டு எழுந்த பின்னரே தொடங்குகிறது. அவர் எங்கு உறங்குகிறார்? 2023இல் தமிழ்நாட்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை அவருக்கு வருகிறதா? வரவில்லையெனில் எந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பம் தடைபட்டது? பிள்ளைகள் இருக்கிறார்களா? இருப்பின், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) வழியாகக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக அவர் விரும்புகிறாரா? திருவரங்கமே ஒரு வருவாய்க் கோட்டம் ஆதலால் அவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆயினும் பெற்ற மகன்மீது மனுக்கொடுக்க மனம் ஒப்பாத முதியவர்கள் பலர். அம்மறுப்பை அறியாமை என்று தள்ளாமல் அவரது முடிவாக ஏற்று, சமரச அலுவலர் வழிப் பேச்சுவார்த்தை போன்ற வேறு வழிகளை அவர்முன் வைப்பதே இத்துறை கற்பிக்கும் ஒழுக்கம். தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை உதவி பெறுபவருக்கு உண்டு என்பது தனியாள் பணியின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று.

ஈகையை ஆய்வுக்குரிய செயலாக மாற்றும் முயற்சி மேலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் வேர்கொண்டது. 1917இல் மேரி ரிச்மண்ட் வெளியிட்ட சமூக நோயறிதல் பற்றிய நூல் அம்முயற்சிக்கு முறையியல் வடிவம் தந்தது. இந்தியாவில் கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்னும் அமெரிக்கச் சமயப்பணியாளரின் முன்னெடுப்பில் 1936இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற சர் தோராப்ஜி டாட்டா பள்ளியே இத்துறையின் முதற்கல்விக்கூடம். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி உருவானது.

களப்பணியும் பதிவேடும்

சமூகப்பணிக் கல்வியைப் பிற சமூக அறிவியல்களினின்று வேறுபடுத்துவது களப்பணி. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பறைக்கு வெளியே கழிகின்றன. ஊரக முகாமும், படிப்பின் இறுதியில் ஒரு மாத அளவிலான தொடர்பயிற்சியும் உண்டு. திருச்சிராப்பள்ளி இதற்கு வளமான இடம். புத்தூரில் அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனை, நகரிலுள்ள மத்திய சிறை, கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடமாகும்.

துப்புரவுத் துறை கற்பிப்பது இன்னும் நுட்பமானது. கல்மந்தை போன்ற குடிசைப் பகுதிகளில் கிராமாலயாவின் துணையுடன் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக்கழிப்பறைகளை நடத்தினர். பயன்படுத்துவோரிடம் சிறுகட்டணம் பெற்று, கணக்கெழுதி, பராமரித்தனர். முசிறியில் ஸ்கோப் அமைத்த சூழலியல் கழிப்பறையிலோ, பயன்படுத்துவோருக்கே சிறுதொகை வழங்கப்பட்டது. பிரித்துச் சேர்க்கப்பட்ட கழிவு உரமாயிற்று. ஓரிடத்தில் மக்கள் காசு கொடுத்தனர். மற்றோரிடத்தில் காசு பெற்றனர். இரண்டும் வெற்றியெனப் பேசப்பட்டன. எனவே கட்டணத்தைவிட, நிர்வாகம் யார் கையில் இருந்தது, வழக்கம் மாறுவதற்கு எது தூண்டுதலாயிற்று என்பவையே ஆராயத்தக்கவை. சமுதாய அமைப்பாக்கம் பற்றிய பாடத்தில் அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளையே மேற்கோள் காட்டிவரும் ஆசிரியர்கள், பேருந்தில் சென்று காணத்தக்க தொலைவிலுள்ள இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கற்பிக்கலாம்.

களப்பணியில் பெரிதும் கவனிக்கப்படாத குறை ஒன்று மொழி சார்ந்தது. மாணவர் கேட்பது தமிழில்; பதிவேட்டில் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ‘மனசே சரியில்ல’ என்று ஒரு பெண் சொல்வது பதிவேட்டில் மனச்சோர்வு நோய்க்குரிய ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. அவர் குறித்தது கடனாக இருக்கலாம், மாமியார் சொன்ன ஒரு சொல்லாக இருக்கலாம், உண்மையிலேயே நோயாகவும் இருக்கலாம். முடிவுக்கு வர வேண்டியது பின்னர். ஆனால் எழுதும்போதே முடிவு நிகழ்ந்துவிடுகிறது. மேற்பார்வையிடும் ஆசிரியருக்கு அப்பெண்ணின் சொல் வந்து சேர்வதே இல்லை. கூறியவரின் சொற்களை அவ்வாறே தமிழில் எழுதி, அதன்கீழ் மாணவர் தம் கருத்தைத் தனியே எழுதும் இருபகுதிப் பதிவேடு இக்குறையைப் பெருமளவு நீக்கும். துறைக்கலைச்சொற்கள் தமிழில் நிலைபெறுவதற்கும் அதுவே இயல்பான வழி. அகராதி தொகுத்து அளிப்பதால் மட்டும் சொற்கள் புழங்கிவிடுவதில்லை.

சட்டம் திறக்கும் கதவுகள்

பட்டத்துக்குத் தெளிவான முதற்சந்தையை உருவாக்கியது தொழிற்சாலைகள் சட்டம் (1948). 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என்று அதன் 49ஆம் பிரிவு விதித்தது. அவருக்குரிய தகுதியை வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. அச்சட்டத்தை உள்ளடக்கி இயற்றப்பெற்ற 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணிக்கையை 250 எனக் குறைத்துள்ளது. பொன்மலை ரயில்வே பணிமனையும் பாரத மிகுமின் நிறுவனமும் உள்ள ஊரில் தொழிலுறவு பாடநூலோடு நிற்கும் பொருள் அன்று. 1928ஆம் ஆண்டின் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் பொன்மலைக்கு இடமுண்டு. மாணவர் பலர் மனிதவளச் சிறப்புப் பாடத்தை நாடுவதற்கு ஊதியம் மட்டுமே காரணம் என்று குறைகூறுவது முழுமையான கணிப்பாகாது. சட்டம் அங்கே ஓர் இருக்கையை உறுதிசெய்தது. ஆயின் கல்லூரி ஆசிரியர் பணியை விரும்புவோர் ஒன்றை அறிதல் நலம்: தேசியத் தகுதித் தேர்வில் சமூகப்பணியும் தொழிலாளர் நலன், மனிதவள மேலாண்மை முதலியனவும் வெவ்வேறு பாடங்கள்.

உளநலத் துறையில் சட்டம் கதவைத் திறந்து, வாசற்படியை உயர்த்தியது. உளநலப் பராமரிப்புச் சட்டம் (2017) கூறும் உளநலச் சமூகப்பணியாளர், சமூகப்பணியில் முதுகலைப் பட்டத்தோடு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை உள்ளடக்கிய ஈராண்டு முழுநேர எம்.பில். பட்டமும் பெற்றவர். பல்கலைக்கழக மானியக்குழுவோ 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளால் எம்.பில். பட்டத்தையே நிறுத்திற்று. சட்டம் கேட்கும் பட்டத்தைப் பல்கலைக்கழகம் தர இயலாத நிலை எழவே, உளநலச் சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை சேர்க்கை நடத்தலாம் என 2024இல் விலக்களித்தது. ஆராய்ச்சிப் பட்டமாக ஒரு குழு கருதியதைத் தொழிற்பயிற்சியாக மற்றொரு சட்டம் கருதியதன் விளைவு இது.

குழந்தைகள் பாதுகாப்பில் முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இளைஞர் நீதிச் சட்டம் (2015) ஒவ்வொரு இளைஞர் நீதிக்குழுமத்திலும் நடுவருடன் இரண்டு சமூகப்பணியாளர்கள் இருக்கவேண்டும் என்கிறது. அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். அவர்களுக்குரிய தகுதியாக 4ஆம் பிரிவு கூறுவன: குழந்தைகளின் உடல்நலம், கல்வி அல்லது நலன் சார்ந்த ஏழாண்டுச் செயற்பாடு, அல்லது குழந்தை உளவியல், உளமருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் நடத்துதல். பதவியின் பெயர் சமூகப்பணியாளர். பட்டங்களின் வரிசையில் சமூகப்பணி இல்லை. சட்டம் இங்கே பத்ம விருதின் பொருளிலேயே சொல்லை ஆள்கிறது. குழந்தைகள் நலக்குழு பற்றிய 27ஆம் பிரிவு 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சமூகப்பணிப் பட்டத்தை வெளிப்படையாகச் சுட்டுகிறது. ஒரே சட்டத்தின் இரு பிரிவுகள் ஒரே சொல்லை இரு பொருளில் ஆள்வதைச் சட்டப் பாடத்தில் எடுத்துக்காட்டாக வைக்கலாம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, எச்.ஐ.வி. ஆலோசனை மையம் முதலியவற்றில் சமூகப்பணி பயின்றோர் பலர் பணியாற்றுகின்றனர். இவற்றில் பெரும்பாலான பணியிடங்கள் தொகுப்பூதிய ஒப்பந்தங்கள். திட்டத்தின் பெயர் மாறும்போது பணியும் ஊசலாடும். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பணிக்குச் சமூகப்பணி முதுகலைப் பட்டம் விரும்பத்தக்க தகுதிகளுள் ஒன்றாக உள்ளது, இன்றியமையாத தகுதியன்று. நிறுவனச் சட்டத்தின் (2013) 135ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகரலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் செய்தது. அத்தொகையைக் கையாள்பவர் எப்பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று அது கூறவில்லை.

வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் உள்ளதுபோல் சமூகப்பணியாளர் அனைவரையும் பதிவுசெய்யும் தேசியப் பேரவை அமையவேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உள்ளது, சட்டமுன்வரைவுகளும் எழுதப்பட்டன. இதுவரை நிறைவேறியது துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழிலோர் தேசிய ஆணையச் சட்டம் (2021) மட்டுமே. அதன் அட்டவணையில் மருத்துவச் சமூகப்பணியாளரும் உளநலச் சமூகப்பணியாளரும் இடம்பெறுகின்றனர். புத்தூர் அரசு மருத்துவமனையில் களப்பணி செய்யும் மாணவருக்கு அப்பதிவேட்டில் நாளை இடம் உண்டு. அவருடன் ஒரே வகுப்பில் அமர்ந்து, கல்மந்தையில் பெண்கள் குழுவின் கணக்கேட்டைப் பார்த்துப் பழகும் மாணவருக்கு இல்லை.