எம்எல்எம்-ஆ, பிரமிட் மோசடியா? சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"அக்கா, நீங்க ஆறு பேரைச் சேர்த்துவிட்டா போதும். அப்புறம் காசு தானா வரும்."

எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இந்தப் பகுதியில் பல வீடுகளின் வருமானம் மீனை நம்பித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரவியபோது, மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். கையில் காசில்லாத நேரத்தில் 'சைடு இன்கம்' என்று யார் சொன்னாலும் கேட்கத்தான் தோன்றும். அதுவும் சொல்வது சொந்தக்காரர் என்றால்?

எல்லா எம்எல்எம்-மும் மோசடி இல்லை. ஆட்கள் மூலம் பொருள் விற்கும் 'நேரடி விற்பனை' இந்தியாவில் சட்டப்படி நடக்கலாம். ஆனால் பிரமிட் திட்டம் நடத்துவது குற்றம். ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

அந்தக் கேள்வி: காசு எங்கிருந்து வருது?

நெட்வொர்க்கில் இல்லாத ஒருவர், சோப்போ சத்து மாவோ தனக்குத் தேவை என்று வாங்குகிறார். அந்த விற்பனையில் உங்களுக்குக் கமிஷன். இது வியாபாரம். புதிதாகச் சேர்பவர் கட்டும் பணம்தான் உங்களுக்குக் கமிஷனாக வருகிறது என்றால், அது பிரமிட்.

ஏன் கடைசியில் கவிழும்?

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருவர் 6 பேர், அவர்கள் ஒவ்வொருவரும் 6 பேர் என்று போனால், பத்தாவது படியில் மொத்தம் சுமார் 7.25 கோடி பேர் சேர்ந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான்! ஆள் கிடைக்காமல் போகும்போது, கடைசிப் படிகளில் நிற்பவர்களின் பணம் போச்சு.

பொருள் இருந்தா சேஃப்பா?

இல்லை. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் ரூ.757 கோடி சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அதன் தொழிற்சாலையும் அதில் அடக்கம். பொருளை அதிக விலைக்கு வைத்து, ஆள் சேர்ப்பதையே தொழிலாக நடத்தினார்கள் என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு. சட்டப்படிதான் நடக்கிறோம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பெரிய பிராண்ட் என்பதால் மட்டும் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

கூட்டமும் சாட்சி இல்லை. விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன கோவை மைவி3 ஆட்ஸ் மீது போலீஸ் வழக்குப் போட்டபோது, 2024 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள்.

சேர்த்துவிட்டால் நீங்களும் மாட்டலாம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1978-ம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டப்படி, இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும்கூடத் தடை செய்யப்பட்டவை. 3 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். "நானும் ஏமாந்தவதான்" என்று நீங்கள் சொன்னாலும், உங்கள் பேச்சை நம்பிப் பணம் கட்டிய பக்கத்து வீட்டுக்காரர் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

சேரும் முன் செக் பண்ணுங்க

* சேரவே கட்டணம் கேட்கிறார்களா? வேண்டாம். நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.
* "நாலு பேரைச் சேர்த்தா, நீங்க வாங்கின பொருளோட விலை திரும்ப வந்துடும்" என்கிறார்களா? 2021 நேரடி விற்பனை விதிகள்படி அப்படிச் சொல்லி விற்கவே கூடாது.
* எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், இந்தியாவில் பதிவு அலுவலகம், குறைதீர் அதிகாரியின் பெயர் இருக்கா?
* கமிஷனே இல்லைன்னாலும் இந்த விலைக்கு இந்தப் பொருளை வாங்குவீங்களா?

ஏற்கெனவே பணம் கட்டிட்டீங்களா?

ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. புதிதாக யாரையும் சேர்க்காதீங்க. தமிழ்நாடு போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. நீங்களும் ஆள் சேர்த்துவிட்டிருந்தால், இலவசச் சட்ட உதவி எண் 15100-ல் முதலில் ஆலோசனை கேளுங்க.