ஒரு பக்கம் கிச்சன், மறுபக்கம் பழைய லேப்டாப்... ரெண்டையும் நாமே சரிசெய்வது எப்படி?

சிங்க்குக்குக் கீழே இருக்கும் கப்போர்டு பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும். கதவு மூடாது. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்கெல்லாம் மஞ்சள் கறை. அதே வீட்டின் பரணில், ஆன் ஆகவே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும் ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். 'அடுத்த லீவுல ரெண்டையும் முடிச்சிடணும்'னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கீங்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ரெண்டு வேலையையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டால் குழப்பம்தானே என்று தோன்றலாம். திட்டம் இல்லாமல் இறங்கினால் நிச்சயம் குழப்பம்தான். ஆனால், கிச்சன் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போகும். ஒட்டியது இறுக வேண்டும், பூசியது காய வேண்டும். கம்ப்யூட்டர் வேலைக்கு அந்த இடைவெளி அப்படியே பொருந்தும். எதை எப்போது தொடுவது என்று தெரிந்தால் போதும்.

எதை நாமே செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

முதலில் இந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள். உடைந்த டைல்ஸ் மாற்றுவது, இடுக்குகளில் புது கிரௌட் நிரப்புவது, பெயின்ட் அடிப்பது, கப்போர்டு கீல் மாற்றுவது, ஷெல்ஃப் மாட்டுவது, குழாய் மாற்றுவது... இதெல்லாம் பொறுமை இருந்தால் நாமே செய்யலாம்.

கேஸ் லைன், சுவருக்குள் போகும் புது வயரிங், கிரானைட் அறுப்பது, சுவரை இடிப்பது... இவற்றுக்கு ஆள் கூப்பிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிட எடை அதிகம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கும். ஒரு டிரில் மெஷின் பொறி போதும். அடுப்பை இடம் மாற்றுவதாக இருந்தால் ஏஜென்சி மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். ரப்பர் டியூபின் தேதியையும் அப்படியே பாருங்கள், 5 வருஷம் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஃபேன் சுத்தம் செய்வது, ரேம் மாற்றுவது, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போடுவது, தெர்மல் பேஸ்ட் தடவுவது எல்லாம் உங்கள் கைக்கு அடங்கும். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டி டி.வி மாதிரி இருக்கும் பழைய மானிட்டரையும் திறக்கவே வேண்டாம். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட்.

லேப்டாப்பின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அடிப்பாகம் உப்பியிருக்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்த சர்வீஸ் ஆளிடம் கொடுப்பதுதான் சரி.

காயும் நேரம்தான் உங்கள் கம்ப்யூட்டர் நேரம்

டைல்ஸ் ஒட்டும் பசை இறுக பொதுவாக 24 மணி நேரம் வேண்டும். அதற்குப் பிறகுதான் கிரௌட். சிங்க் ஓரத்தில் போடும் சிலிக்கான் மீதும் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி உண்டு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தையே நம்புங்கள். மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாகவே விடுங்கள்.

கம்ப்யூட்டர் வேலையையும் இரண்டாகப் பிரிக்கலாம். கை வைக்க வேண்டியது ஒன்று, தானாக ஓடுவது ஒன்று. பழைய டிஸ்க்கில் இருந்து போட்டோக்களை காப்பி எடுப்பது பல மணி நேரம் ஓடும். ரேம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடட்டும். லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண அரை மணி நேரம் போதும்.

ஒரு வார இறுதியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

சனி காலை: கம்ப்யூட்டர் பாகங்கள் எல்லாம் மூடிய டப்பாவில். கிச்சனில் உடைந்த டைல்ஸைப் பெயர்த்து, புதுசை ஒட்டி, பெருக்கித் துடைத்துவிடுங்கள்.

சனி மாலை: குளித்துவிட்டு, வேறு அறையில் லேப்டாப். முதல் வேலை காப்பி எடுப்பது. அது ஓடும்போது நீங்கள் ஓய்வெடுக்கலாம்.

ஞாயிறு காலை 24 மணி நேரம் முடிந்ததும்: கிரௌட். மதியம் லேப்டாப் ஃபேன் சுத்தம், எஸ்.எஸ்.டி மாற்றம்.

ஞாயிறு ராத்திரி: கிரௌட் காயட்டும், மெம்டெஸ்ட் ஓடட்டும். நீங்கள் தூங்குங்கள்.

தூசுதான் முதல் எதிரி

டைல்ஸ் அறுக்கும்போது கிளம்பும் தூசு மாவு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு லேப்டாப் ஆன் ஆகி இருந்தால், அதன் ஃபேன் வேக்யூம் கிளீனர் மாதிரி அந்தத் தூசை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றுப் போகும் வழி அடைபடும், சூடு ஏறும், வேகம் குறையும். அதனால், கிச்சனில் அறுக்கும் வேலை நடக்கும்போது வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரும் திறந்த நிலையில் இருக்கக் கூடாது. கிச்சன் வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது ஆபத்து. அந்தத் தூசில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. கர்ச்சீஃப் கட்டினால் போதாது, என்-95 மாஸ்க் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசு பெருமளவு அடங்கும்.

ஸ்க்ரூ தொலைவது அடுத்த தலைவலி. சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய குழிப்பணியாரச் சட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஸ்க்ரூக்களைப் போடுங்கள். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியில் இருந்து ஆரம்பித்தால் வரிசை தப்பாது. நீளம் வேறுபட்ட ஸ்க்ரூவைத் தப்பான இடத்தில் முறுக்கினால் மதர்போர்டே ஓட்டையாகலாம்.

எந்தக் கம்ப்யூட்டருக்குச் செலவு பண்ணலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு குறைந்தது 4 ஜி.பி ரேம், 64 ஜி.பி இடம், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் எல்லாம் வேண்டும். பழைய லேப்டாப்கள் பலவும் இதில் தேறாது. ஆனால், அதற்காக அவற்றை எடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் 2 ஜி.பி ரேமிலேயே ஓடும், 4 ஜி.பி இருந்தால் நிம்மதியாக ஓடும். காசு கிடையாது, தமிழில் டைப் பண்ணவும் வசதி உண்டு.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் நினைவிருக்கிறதா? உங்கள் அண்ணனோ அக்காவோ ப்ளஸ் டூ படித்தபோது வாங்கிய அந்த லேப்டாப் இன்னும் வீட்டில் இருக்கலாம். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்! அந்த மெஷினில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டாலே வித்தியாசம் தெரியும். டைப் பண்ண, பி.டி.எஃப் படிக்க, தம்பி தங்கையின் ஹோம்வொர்க்குக்கு அது போதும்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ரேம் டி.டி.ஆர் 3-ஆ, 4-ஆ? ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் மாற்ற முடியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் பழைய ரேம் வாங்குவதாக இருந்தால், உங்கள் ரேமையே கையில் எடுத்துப் போய்க் காட்டி, அதே வகையைக் கேளுங்கள்.

ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஓட ஓட, அதில் இருக்கும் பழைய குடும்ப போட்டோக்கள் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். லேப்டாப்பை வேறு வாங்கிக்கொள்ளலாம், தாத்தாவின் போட்டோவை வாங்க முடியாது.

கிச்சனில் அழகுக்கு முன் அளவு

யார் அதிகம் சமைக்கிறாரோ, அவரை நிற்க வைத்து அளவெடுங்கள். முழங்கையை மடக்கினால் எவ்வளவு உயரம் வருகிறதோ, அதைவிட 10 முதல் 15 செ.மீ குறைவாக மேடை இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் இடுப்பு வலி, உயர்ந்தால் தோள் வலி. இந்த 'உடம்புக்கு ஏற்ற கிச்சன்' யோசனை புதுசு இல்லை. 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் கிச்சனின் அடிப்படையே, சமைப்பவரின் தேவையில்லாத நடையைக் குறைப்பதுதான். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ்... இவற்றில் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு 4 முதல் 9 அடி இருந்தால் நல்லது என்பார்கள்.

சிங்க் அடியில் எம்.டி.எஃப் பலகை வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் பொரி மாதிரி உப்பிவிடும். ஐ.எஸ்.710 முத்திரை உள்ள பிளைவுட் கேட்டு வாங்குங்கள். அடுப்புக்குப் பின்னால் சிமென்ட் கிரௌட்டுக்குப் பதில் எபாக்ஸி கிரௌட் போட்டால் மஞ்சள் கறை எளிதில் ஏறாது. டைல்ஸை ஒரே பேட்ச் எண்ணில், பத்து சதவிகிதம் கூடுதலாக வாங்குங்கள். பிறகு தேடினால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்து கரன்ட். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200. மொத்தம் 4700 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியருக்கு மேல். மூன்றையும் ஒரே 16 ஆம்பியர் லைனில் செருகினால் அது தாங்காது. தனித்தனி லைன் போட்டுத் தர எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஷாக் அடித்தால் உயிர் காப்பது அதுதான். எலெக்ட்ரீஷியன் வரும் நாளில் கம்ப்யூட்டர் வேலைக்கு விடுமுறை. மெயின் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. காப்பி ஓடும்போது பாதியில் கரன்ட் போனால் வேலை கெடும்.

வீட்டில் சண்டை வராமல் இருக்க...

லேப்டாப் ஒரு மாதம் திறந்து கிடந்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். கிச்சன் ரெண்டு நாள் திறந்து கிடந்தால் வீடே ஹோட்டல் சாப்பாடு. அதன் பாரம் பெரும்பாலும் அம்மா தலையிலோ, மனைவி தலையிலோதான் விழும். அதனால் மூன்று விதிகள்:

ஒன்று, எந்த நாளும் ராத்திரிக்குள் ஏதாவது ஒரு குழாயில் தண்ணீர் வர வேண்டும், ஒரு அடுப்பு எரிய வேண்டும். தற்காலிக இண்டக்ஷன் அடுப்பை பால்கனியிலோ ஹாலிலோ வைத்தால், கம்ப்யூட்டர் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள்.

இரண்டு, கிச்சனை மொத்தமாகக் கலைக்காமல் ஒரு சுவர் முடிந்த பிறகு அடுத்த சுவருக்குப் போங்கள்.

மூன்று, ரிப்பேர் செலவு அதே மாதிரி செகண்ட் ஹேண்ட் மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்த லேப்டாப்புக்கு விடை கொடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல கீல் வாங்கலாம்!

தேறாத மெஷினைக் குப்பையில் போடாதீர்கள். டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற இ-வேஸ்ட் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். மின்கழிவு மேலாண்மைக்கான 2022-ம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.

உயிர் வந்த லேப்டாப்புக்கு முதல் வேலை என்ன தெரியுமா? சுவரைப் பூசி மூடும் முன், உள்ளே ஓடும் பைப்பையும் வயரையும் அளவு டேப் வைத்து போட்டோ எடுத்து, அதில் 'கிச்சன்' என்று ஒரு ஃபோல்டர் போட்டுச் சேமியுங்கள். நாலு வருஷம் கழித்து ஒரு ஷெல்ஃப் மாட்ட டிரில்லைக் கையில் எடுக்கும்போது, எங்கே ஓட்டை போடக் கூடாது என்று அந்த ஃபோல்டர் சொல்லும்.